பழைய மாருதி 800-க்கு ஆயில் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனாலும் நம் ஊர்த் தெருக்களில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. என்னிடம் இருப்பது 1997-ஆம் வருட கார்புரேட்டர் வண்டி. அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். அதே போன்ற வண்டி வைத்திருப்பவர்களும், பழைய வண்டி வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஆயிலைப் பற்றித்தான். கேட்க வேண்டிய விஷயமும் அதுதான். மூன்று சிலிண்டர், 796 சிசி கொண்ட இந்தச் சின்ன இன்ஜின் வயதாகிச் செத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆயில் இல்லாமல் செத்ததைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆம்னி வேனில் இருப்பதும் இதே இன்ஜின்தான், அதனால் ஆம்னி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் லைட் இருக்கிறதே, அப்புறம் எதற்கு டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்துப் பார்க்க வேண்டும்?

அந்த லைட் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான். பிரஷர் சுவிட்ச் என்ற சின்னப் பாகம் ஒன்று உண்டு. ஆயில் பாதையில் அழுத்தம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கீழே விழுந்தால்தான் அது லைட்டை எரிய விடும். ஓடுகிற இன்ஜினுக்கு அது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத அழுத்தம். லைட் எரியும்போது, கிராங்க் என்ற சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் ஏற்கெனவே காய ஆரம்பித்திருக்கும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பாதி தூரம் இறங்கியபின், ஒரு பக்க வளைவில் மட்டும் சிவப்பு லைட் கண்ணடிப்பதுபோல ஒரு கணம் எரிந்து அணைந்தது. ஒயர் லூஸ் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த அதே பக்க வளைவிலும் எரிந்தது. ஓரம் கட்டி நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், நுனியில் ஒரு சொட்டு மட்டும் ஒட்டியிருந்தது. கீழ்க் குறியைக்கூடத் தொடவில்லை. இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இருந்த கொஞ்ச ஆயில் வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்க, ஆயிலை உறிஞ்சும் குழாயின் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரின் வாய் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சியிருக்கிறது. நேர் ரோட்டில் போயிருந்தால் அந்த லைட் எரிந்தே இருக்காது, நானும் இன்னும் இருநூறு கிலோமீட்டர் அப்படியே ஓட்டியிருப்பேன். டிக்கியில் ஒரு லிட்டர் டப்பா இருந்ததால் வண்டி தப்பித்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் படிப்பதற்கு முன்னால் டிப்ஸ்டிக்தான்.

டிப்ஸ்டிக்கைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், சமதரையில். ஓட்டி வந்த வண்டி என்றால் குறைந்தது ஐந்து நிமிடம் விடுங்கள். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் இருக்கும் ஆயில் சம்ப்புக்கு இறங்கி வரவேண்டும். முதலில் உருவியதை நம்பாதீர்கள், அதில் ஆயில் தெறித்திருக்கும். பனியன் வேஸ்டால் துடைத்துவிட்டு, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். குழாயின் உள்சுவரில் உரசி ஒரு பக்கம் மட்டும் உயரமாகக் காட்டுவது உண்டு, இரண்டில் குறைவாகக் காட்டுவதுதான் உண்மையான அளவு. மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் நடுவில், மேல் குறிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது.

அளவோடு விட்டுவிடாதீர்கள். ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். நல்ல ஆயில் வழவழவென்று இருக்கும், விரலை மெல்லப் பிரித்தால் படலமாக இழுபடும். நறநறவென்று துகள் தட்டினால் உடனே மாற்ற வேண்டும். அப்புறம் மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அது தனிக்கதை, கீழே சொல்கிறேன்.

நிறம் கறுத்திருப்பது மட்டும் கெட்டதற்கு அடையாளமில்லை. கரியையும் அழுக்கையும் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. மாற்றி ஆயிரம் கிலோமீட்டரில் ஆயில் கறுத்தால், அது உள்ளே கழுவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எந்த ஆயில் ஊற்றுவது? 20டபிள்யூ-40 போதுமா?

நம் ஊர் வெயிலுக்குக் கார்புரேட்டர் 800-க்கு அதுவே போதும். நான் ஊற்றுவதும் அதுதான். டபிள்யூ-க்கு முன்னால் உள்ள எண் குளிரில் எப்படி இளகுகிறது என்பதற்கு, பின்னால் உள்ள எண் நூறு டிகிரி சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்பதற்கு. 20டபிள்யூ ஆயில் மைனஸ் 15 டிகிரியில் இன்ஜினைச் சுற்ற விடுகிறதா என்றுதான் சோதிக்கப்படுகிறது. ஊட்டியில் மார்கழிக் காலையிலும் அந்தக் குளிர் கிடையாது. அதனால் முன் எண்ணைப் பற்றி நமக்குப் பெரிய கவலை வேண்டாம்.

அதற்காக 20டபிள்யூ ஒன்றுதான் என்றும் இல்லை. 15டபிள்யூ-40 ஊற்றினால் காலையில் ஆயில் கொஞ்சம் சீக்கிரம் மேலே ஏறும். ஸ்டார்ட் செய்து ஆயில் ஏறும்வரையிலான அந்த நொடிகளில் தேய்மானம் கூடுதல், ஆகவே அது நல்லதுதான். 2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வண்டிகளுக்கு ஓனர்ஸ் மேனுவலில் இதைவிட லேசான கிரேடும் போட்டிருக்கும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டப்பாவில் ஏபிஐ எஸ்எல், எஸ்என் என்றெல்லாம் ஆயிலின் தரக்குறி எழுதியிருக்கும். பெட்ரோல் இன்ஜினுக்கு எஸ் வரிசை. எஸ்எல் 2001-இல் வந்தது, எஸ்என் 2010-இல், எஸ்பி 2020-இல். பிந்தைய எழுத்து முந்தையதை விட மேம்பட்டது, பழைய வண்டிக்கும் ஊற்றலாம். "புது ஆயிலில் ஜிங்க் குறைவு, பழைய இன்ஜினைத் தேய்த்துவிடும்" என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் ஜிங்க் சேர்மத்தோடு வரும் பாஸ்பரஸுக்குக் கடுமையான உச்சவரம்பு வைத்திருப்பது 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற லேசான கிரேடுகளுக்கு. 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஆயில்கள் அந்த வரம்புக்குள் வருவதில்லை.

ஃபுல் சிந்தெடிக் ஊற்றினால் வண்டி நன்றாக ஓடுமா?

கெடுதல் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒழுகுகிற, ஆயில் குடிக்கிற இன்ஜினுக்கு அந்த விலை வீண். அந்தப் பணத்தில் மினரல் ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது?

கார்புரேட்டர் வண்டி என்றால் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. "என் வண்டி வருஷத்துக்கு ரெண்டாயிரம்தான் ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பார்கள். குறைவாக ஓடுகிற வண்டியின் ஆயில்தான் சீக்கிரம் கெடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாக ஆவியாகப் போய்விடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே சம்ப்புக்கு இறங்கும். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரமாவது ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு, மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு என்று இரண்டு கிலோமீட்டரே ஓடினால் ஆயிலிலேயே தங்கிவிடும்.

நானே மாற்றலாமா?

தாராளமாக. ஒரு ரிங் ஸ்பேனர், ஒரு பழைய அகலமான பேசின், புது வாஷர், புது ஃபில்டர், கையுறை, இவ்வளவுதான் வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வெறும் ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்கக்கூடாது. ஸ்டாண்ட் வையுங்கள், இல்லையென்றால் பள்ளம் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள், அழுக்கும் சேர்ந்து வரும். கொதிக்கிற ஆயிலில் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். டிரைன் போல்ட்டைத் திரும்பப் போடும்போது முதலில் கையாலேயே நாலைந்து சுற்று போக வேண்டும். கையால் போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது, எடுத்து மறுபடி வையுங்கள். இந்த வண்டிகளில் பல டிரைன் போல்ட் மரை போய், எம்-சீல் பூசி ஓடுகின்றன. யாரோ ஒருவர் பைப்பை மாட்டி முழு பலத்தில் இறுக்கியதன் பலன் அது.

ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். பழையதைக் கழற்றியதும், அதன் ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில சமயம் அது பிளாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் மேலே புதியதை மாட்டினால் இரட்டை வளையமாகிவிடும், வண்டியை எடுத்துத் தெருமுனை போவதற்குள் ஆயில் முழுவதும் ரோட்டில் இருக்கும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே சுற்றி, வளையம் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று. ஃபில்டரை ஸ்பேனர் போட்டு இறுக்கக் கூடாது.

ஃபில்டரோடு சேர்த்து ஏறக்குறைய மூன்று லிட்டர் பிடிக்கும். இரண்டரை ஊற்றி, டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். முடித்ததும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி அளவைப் பாருங்கள். ஃபில்டர் குடித்த அளவு இறங்கியிருக்கும்.

கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன். பரவாயில்லையா?

மேல் குறிக்கு மேலே ஓரிரு மில்லிமீட்டர் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் வடித்துவிடுங்கள். சுற்றுகிற கிராங்க் ஆயிலில் அடித்து, தயிர் கடைவதுபோல நுரைக்க வைக்கும். நுரை பேரிங்கைக் காப்பாற்றாது. ஆயில் சீல்களையும் தள்ளி ஒழுக வைக்கும்.

ஊற்றாமலே ஆயில் அளவு கூடியிருக்கிறது. எப்படி?

இந்தக் கேள்வி வந்தால் வண்டியை எடுக்க வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். கார்புரேட்டர் 800-இல் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு சேர்ந்தது, கேம்ஷாஃப்ட் அதை இயக்குகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃபிரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் தண்ணீராட்டம் ஓடும், வாடை மூக்கைத் துளைக்கும். அந்த ஆயிலால் பேரிங்குக்குப் பாதுகாப்பு இல்லை, தீப்பிடிக்கிற அபாயமும் உண்டு. பம்ப்பை மாற்றிவிட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். ஆயிலை மட்டும் மாற்றினால் ஒரு வாரத்தில் பழைய கதைதான். இப்போது பங்க்குகளில் பெரும்பாலும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் கிடைக்கிறது. 1990-களின் ரப்பர் அவ்வளவு எத்தனாலுக்கென்று செய்யப்பட்டதில்லை, எனவே பழைய பம்ப்பை இப்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அளவு கூடி, ஆயிலும் பால் காபி நிறத்தில் இருந்தால் அது தண்ணீர். ஹெட்டுக்குக் கீழே இடைவெளியை அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா பாருங்கள்.

ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் போல ஏதோ ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டா?

பயப்பட வேண்டாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறையவில்லை என்றால், அது குறுகிய ஓட்டத்தில் தங்கிய ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதிகம் தெரியும். மூடியைத் துடைத்துவிட்டு ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். திரும்பத் திரும்ப வந்தால், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் ஹோஸ் அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும்.

நீலப் புகை வருகிறது. இன்ஜின் வேலை பார்க்க வேண்டுமா?

எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு சீல் காய்ந்திருக்கிறது. இரவெல்லாம் ஆயில் வால்வுத் தண்டு வழியாகச் சொட்டியிருக்கிறது. மலை இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு கியரிலேயே இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது புகைந்தாலும் அதேதான். இதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை, சில மலிவான ரப்பர் சீல்களும் ஹெட் வேலையும் போதும்.

ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் புகை கூடினால், பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். எண் குறைவாக இருக்கும் சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சோதித்தால், எண் எகிறினால் ரிங், எகிறவில்லை என்றால் வால்வு. இந்த ஒரு ஸ்பூன் சோதனையைச் செய்யாமல் "இன்ஜினை இறக்கிடலாம் சார்" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் குடித்தால் இந்த வயதுக்கு அது சாதாரணம், ஊற்றிக்கொண்டே ஓட்டுங்கள். அரை லிட்டரைத் தாண்டினால் காரணத்தைத் தேடுங்கள்.

எங்கெல்லாம் ஒழுகும்?

முதலில் ஹெட்டின் மேல் மூடியான டாப்பெட் கவரின் கேஸ்கெட். கவரின் ஓரத்திலிருந்து வடிந்து இன்ஜின் முழுக்க ஈரமாக்கிவிடும், பார்த்தால் பெரிய கோளாறு போலத் தெரியும். கேஸ்கெட் மாற்ற அரை மணி நேர வேலை. அடுத்து ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கம், பிரஷர் சுவிட்ச், சம்ப் கேஸ்கெட். எங்கிருந்து என்று தெரியவில்லை என்றால், முழுவதும் கழுவித் துடைத்துவிட்டு, அடியில் பழைய செய்தித்தாள் விரித்து ஒரு இரவு விடுங்கள். ஆயில் எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும், ஆகவே ஈரமான இடங்களில் உயரமானதைத் தேடுங்கள்.

டைமிங் பெல்ட் பக்கத்து ஆயில் சீல்களைத் தள்ளிப் போடாதீர்கள். ஆயில் பட்டால் பெல்ட்டின் ரப்பர் ஊறிக் கெடும். பெல்ட் மாற்றும்போதே கேம், கிராங்க் சீல்களையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

அம்பாசிடர் வைத்திருப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். 1489 சிசி பழைய இன்ஜினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. திருகுபோல வெட்டிய மரை ஒன்று ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும், அவ்வளவுதான். அதனால் நின்ற இடத்தில் ஓரிரு சொட்டு விழுவது அதன் பிறவிக் குணம். திடீரென்று அதிகமானால், ஆயில் அளவு கூடியிருக்கிறதா, பிரீதர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உள்ளே மண்டி சேர்ந்திருக்கிறது. ஃப்ளஷ் (இன்ஜினுக்குள் கழுவும் திரவம்) போடலாமா?

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வருஷக்கணக்கில் உறைந்த மண்டியை ஃப்ளஷ் ஒரே நேரத்தில் பெயர்த்துவிட்டால், அது போய் அடைக்கிற இடம் ஸ்ட்ரெய்னர். அதற்குப் பதில் சாதாரண ஆயிலை 1,000 கிலோமீட்டரில் ஒருமுறை, அப்புறம் 2,000-இல் ஒருமுறை மாற்றுங்கள், மெல்லக் கரைந்து வரும். மண்டி அதிகம் என்றால் சம்ப்பைக் கழற்றி, ஸ்ட்ரெய்னரை மண்ணெண்ணெயில் கழுவிப் போடச் சொல்லுங்கள்.

புகையை நிறுத்தும் மருந்து, பிக்கப் கூட்டும் மருந்து என்று விற்கும் சின்ன பாட்டில்களுக்கும் என் பதில் இதேதான்: வேண்டாம்.

டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் ஆயில் லைட் லேசாக மினுக்குகிறது.

அளவு சரியா என்று பாருங்கள். சரியாக இருந்தால், ஐடிலிங் ரொம்பக் குறைவாக வைத்திருக்கிறதா, ஆயில் நீர்த்துவிட்டதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் சுவிட்ச் இருக்கும் இடத்தில் நிஜ பிரஷர் கேஜை மாட்டி, இன்ஜின் சூடாக இருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். கேஜ் நல்ல அழுத்தம் காட்டினால் சுவிட்ச்தான் பழுது, சில நூறு ரூபாயோடு முடிந்தது. காட்டவில்லை என்றால் பம்ப் அல்லது பேரிங் தேய்மானம். தடித்த ஆயில் ஊற்றி லைட்டை அணைத்துவிடலாம்தான், ஆனால் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். ஓடும்போது லைட் எரிந்து அணையாமல் நின்றால் ஒரே வழி: அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துவது. "பக்கத்துலதானே வீடு" என்று ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

போலி ஆயிலைக் கண்டுபிடிப்பது எப்படி?

அசல் டப்பாவில் போலி ஆயிலை நிரப்புவதால் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள், சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவை வீட்டுக்கு எடுத்துவந்து கத்தியால் கிழித்துவிட்டுப் பழைய பொருட்கள் வாங்குபவரிடம் போடுங்கள்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது?

கரையானுக்குக் கதவு நிலையில் பூசுவது, கொல்லையில் ஊற்றுவது, சாக்கடையில் விடுவது, மூன்றும் கூடாது. பயன்படுத்திய ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் உண்டு, கிணற்றடி மண்ணில் இறங்கினால் நாம் குடிக்கிற தண்ணீருக்குத்தான் வரும். 2016-இன் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். பழைய கேனில் ஊற்றி மூடி, வேஸ்ட் ஆயில் சேர்த்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஆறு மாதமாக நிறுத்தி வைத்த வண்டி. அப்படியே ஸ்டார்ட் செய்யலாமா?

பேரிங்குகளிலிருந்த ஆயில் முழுவதும் இறங்கியிருக்கும், அவசரப்படாதீர்கள். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் நடு ஒயரைக் கழற்றி இன்ஜின் உடம்பில் எர்த் ஆகும்படி வையுங்கள். எம்பிஎஃப்ஐ என்றால் பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சாவியைத் திருப்பியதும் சிவப்பு லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பல்பு போயிருக்கிறது, அதை முதலில் மாற்றுங்கள். பிறகு பத்து பத்து நொடியாக, நடுவில் அரை நிமிடம் ஓய்வு கொடுத்து செல்ஃப் அடியுங்கள். இரண்டு மூன்று தடவையில் ஆயில் மேலே ஏறி லைட் அணையும். அது அணைந்த பிறகு ஒயரையோ ஃபியூஸையோ மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.